கடல் கடந்த அரிசி: தீட்டலும் புழுக்கலும்

காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்து குவிந்த பொருள்களை வரிசைப்படுத்தும் பட்டினப்பாலை, ஈழத்திலிருந்து வந்த உணவையும் காழகத்திலிருந்து வந்த ஆக்கப் பொருள்களையும் அவ்வரிசையில் சேர்த்துச் சொல்கிறது. உப்பை விற்று நெல்லைப் பெற்றுக்கொண்டு கழிவழியே திரும்பிய படகுகளையும் அதே நூல் காட்டுகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காலத்திலேயே தமிழர் உணவின் ஒரு பகுதி நீர்வழியே வந்தது என்பதற்கு இவை சான்றாகும். காழகம் என்பது கடாரம் என்று உரைகாரர் பொருள் கொள்வர். அக்கடாரம் இருந்த மலாய் மண்ணில், பட்டினப்பாலைக்குப் பல நூற்றாண்டுகள் பின்னர், கூலிகளாகச் சென்ற தமிழர் வேறொரு நாட்டில் விளைந்து கப்பலில் வந்த அரிசியை உண்டு வாழ்ந்தனர். அவ்வரிசியின் வரலாறே இங்குக் கூற எடுத்துக்கொள்ளப்படுவது.

உலர்ந்த தானியத்தை மூட்டையாகக் கட்டிக் கப்பலில் ஏற்றி அனுப்புவது, பார்வைக்கு எளிய வணிகச் செயலாகவே தோன்றும். ஆனால் நீண்ட கடற்பயணத்தைத் தாங்கும்படி அரிசியை ஆயத்தம் செய்ய முனைந்தவர்கள் ஒரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டியிருந்தது. நெல்மணியிலிருந்து எதை நீக்குவது, எதை விட்டுவைப்பது என்பதே அக்கேள்வி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வணிகம் அதற்கு அளித்த விடை, பல்லாயிரம் பேரின் கால்களை முடக்கியது, இதயத்தை நிறுத்தியது. அதே காலத்தில் வேறொரு விடையைத் தம் சோற்றுப்பானையிலேயே வைத்திருந்தவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள். அதை அவர்களே அறிந்திருக்கவில்லை.

மூட்டையின் பகை

கப்பலில் செல்லும் தானியத்திற்குக் கடல்நீர்தான் பகை என்று கரையிலிருப்போர் எண்ணுவது இயல்பு. அலை புகுந்து நனைந்த மூட்டைகள் உண்டு என்பது உண்மையே. எனினும் பெரும்பாலான இழப்புக்குக் காரணம் வெளியிலிருந்து வந்த நீரன்று. மூட்டைக்குள்ளேயே இருந்த நீர். நன்கு உலர்ந்ததாகத் தோன்றும் அரிசியிலும் நூற்றுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பங்கு ஈரம் உண்டு. தானியம் அறுவடைக்குப் பின்னும் மூச்சுவிடுகிறது. அம்மூச்சில் வெப்பமும் நீராவியும் வெளிப்படுகின்றன. வெப்ப மண்டலத் துறைமுகத்தில் ஏற்றிய சரக்கு குளிர்ந்த கடலுக்குள் செல்லும்போது, கப்பலின் இரும்புச் சுவர் முதலில் குளிர்கிறது. சரக்கறைக்குள் நிறைந்த ஆவி அச்சுவரில் பட்டு வியர்வையாகத் திரண்டு மூட்டைகளின் மேல் சொட்டுகிறது. சொட்டிய இடத்தில் பூஞ்சணம் படரும், வண்டு பெருகும், குவியலின் நடுவில் சூடேறி அரிசி மஞ்சளித்துக் கட்டி தட்டும்.

இதைத் தடுக்க மாலுமிகள் கண்ட வழிகள் எளியவை. அரிசி ஏற்றும் கப்பலில் முதலில் தரையில் மரக்கட்டைகளைப் பரப்புவர். அதன்மேலும் பக்கச் சுவர்களை ஒட்டியும் மூங்கில் பாய்களை விரிப்பர். மூட்டை எங்கும் இரும்பைத் தொடலாகாது. அடுக்குகளுக்கு இடையே மரச்சட்டத்தாலான காற்றுக் குழல்களை நெடுக்காகவும் குறுக்காகவும் நிறுத்துவர். வானிலை நன்றாக இருக்கும் நாளில் சரக்கறையின் மூடியைத் திறந்து வைப்பர். மழையும் அலையும் வரும்போது மூடுவர். சணல் சாக்கும் இதற்கு உதவிற்று. அதன் நெசவு இடைவெளி காற்றை உள்ளே விட்டு ஆவியை வெளியே விடும். வங்காளத்தில் ரிஷ்ரா என்னுமிடத்தில் 1855இல் முதற் சணல் ஆலை தொடங்கப்பட்டது. அதன் பின் கல்கத்தாவைச் சுற்றிப் பெருகிய ஆலைகளின் சாக்குகள் கீழைநாட்டுத் துறைமுகங்கள் எங்கும் பரவின.

ஆனால் பாயும் சாக்கும் காற்றுக் குழலும் ஓரளவே உதவும். அரிசி எந்த நிலையில் மூட்டைக்குள் செல்கிறது என்பதே அதன் ஆயுளை முடிவு செய்தது.

ஐந்தில் ஒரு பங்கு நெல்

இயற்கை நெல்லுக்கு அளித்த உறை உமி. உமி இருக்கும்வரை உள்ளிருக்கும் மணி மாதக்கணக்கில் கெடாது. ஆனால் நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமியே ஆகும்; அது அடைக்கும் இடமோ இன்னும் மிகுதி. உண்ணாத பொருளுக்குக் கப்பல் கூலி கொடுக்க வணிகர் விரும்பார். உமியை மட்டும் நீக்கித் தவிட்டோடு அனுப்பினால் வேறொரு தொல்லை எழுகிறது. தவிட்டில் எண்ணெய் உண்டு. உமி உரிந்து காற்றுப்பட்டதும் அவ்வெண்ணெய் விரைவில் கெட்டு, அரிசி முழுவதும் சிக்கு வாடை வீசும். தவிட்டையும் நீக்கி வெள்ளையாகத் தீட்டினால் அவ்வாடை இராது. ஆனால் அக்கால ஆலைகளில் தீட்டிய மென்மையான அரிசி, ஆப்பிரிக்காவைச் சுற்றிச் செல்லும் நெடும்பயணத்தில் நொறுங்கியும் வண்டு துளைத்தும் மதிப்பிழந்தது.

பர்மிய வணிகம் இதற்கு ஒரு நடுவழியைக் கண்டது. உமி நீக்கித் தவிட்டோடு கூடிய அரிசி நான்கு பங்கு, உமி நீக்காத நெல் ஒரு பங்கு எனக் கலந்து மூட்டையில் கட்டினர். இதற்குக் ‘கார்கோ அரிசி’ என்றே பெயர் வழங்கிற்று. கலந்திருந்த நெல், குவியல் இறுகிச் சூடேறாமல் காத்தது. இலண்டன், லிவர்பூல், பிரெமன், ஹம்பர்க் ஆகிய நகரங்களை அது அடைந்த பின், அங்கிருந்த ஆலைகள் அதை மறுபடி அரைத்துத் தீட்டி விற்றன.

1869ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. நீராவிக் கப்பல்கள் அவ்வழியே செல்லத் தொடங்கியதும் பல மாதப் பயணம் சில வாரங்களாகச் சுருங்கிற்று. அதோடு இரங்கூனிலேயே நீராவி ஆலைகள் பெருகின. படிப்படியாகக் கார்கோ அரிசி குறைந்து, முழுதும் தீட்டிய வெள்ளை அரிசியே மூட்டைகளில் ஏறியது. எண்ணெய் இல்லாத வெள்ளை அரிசி வாடையின்றிச் சென்று சேர்ந்தது; கண்ணுக்கு அழகாக இருந்தது; விலையும் கூடுதலாகக் கிடைத்தது. கடலுக்கு ஏற்ற அரிசி கிடைத்துவிட்டது என்றே அனைவரும் எண்ணினர்.

இரங்கூன் துறை

1852ஆம் ஆண்டுப் போருக்குப் பின் ஆங்கிலேயர் வசமான கீழ்ப் பர்மாவில், ஐராவதி ஆற்றின் கழிமுகக் காடுகள் அழிக்கப்பட்டு வயல்களாயின. இரங்கூன், பாசெய்ன், அக்கியாப், மவுல்மீன் ஆகிய துறைகளிலிருந்து அரிசி வெளியேறிற்று. 1930களில் பர்மா ஆண்டுதோறும் ஏறத்தாழ 30 இலட்சம் டன் அரிசியை வெளியே அனுப்பியது. அந்நாளில் உலகில் வேறெந்த நாடும் அவ்வளவு அரிசி ஏற்றுமதி செய்யவில்லை. அதில் பாதியளவு இந்தியாவுக்கு வந்தது. இலங்கைத் தோட்டங்களும், மலாயாவின் ஈயச் சுரங்கங்களும் இரப்பர்த் தோட்டங்களும் பர்மிய அரிசியையும் சயாமிய அரிசியையும் நம்பியே நடந்தன.

இவ்வணிகத்தில் தமிழர் பங்கு பெரிது. அது முற்றிலும் பெருமைக்குரியதும் அன்று. காடு திருத்திய பர்மிய உழவருக்குக் கடன் கொடுத்தவர்களுள் முதன்மையானோர் செட்டிநாட்டு நகரத்தார். பயிர்ச் செலவுக்கு அவர்கள் பணம் இல்லாவிடில் அவ்வளவு நிலம் வயலாகியிராது. 1930இல் உலக மந்தம் வந்து நெல் விலை வீழ்ந்தபோது கடன்கள் திரும்பவில்லை. ஈடு வைத்த நிலங்கள் கைமாறின. முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலவுடைமை, 1937-38இல் நூற்றுக்கு 25 பங்காயிற்று. நிலத்தை விரும்பி வாங்கியவர்கள் அல்லர் அவர்கள். எனினும் நிலம் இழந்த உழவனின் கண்ணுக்கு அவ்வேறுபாடு தெரிய வழியில்லை.

துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் ஆலைகளில் உழைத்தவர்களும் பெரும்பாலும் இந்தியரே. தெலுங்கர் மிகுதி, தமிழரும் இருந்தனர். 1930 மே மாதத்தில் கப்பல் கூலி வேலை குறித்து இரங்கூனில் மூண்ட கலவரத்தில் பலர் மாண்டனர். வேலைநிறுத்தம் செய்த தெலுங்குத் தொழிலாளருக்கு மாற்றாகப் பர்மியர் அமர்த்தப்பட்டதும், நிறுத்தம் முடிந்தவுடன் அவர்கள் நீக்கப்பட்டதுமே அதன் தொடக்கம். மூட்டையை ஏற்றும் கூலிக்காக ஏழைகள் இருவர் மோதிக்கொண்ட துறையிலிருந்துதான் வேறு நாட்டு ஏழைகளுக்கான அரிசி புறப்பட்டது.

வெள்ளை அரிசியின் நோய்

இவ்வணிகம் பெருகிய அதே ஆண்டுகளில் கீழைநாடுகள் எங்கும் ஒரு நோய் பெருகிற்று. கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், சிலருக்கு உடல் வீங்கும், பின் இதயம் செயலற்று மரணம் நேரும். அதற்குப் பெரிபெரி என்று பெயர். கப்பல்களிலும் சிறைகளிலும் படைவீடுகளிலும் சுரங்கக் குடில்களிலும் அது மிகுதியாகக் காணப்பட்டது. பிறர் சமைத்து அளந்து வைக்கும் உணவை நாள்தோறும் மாற்றமின்றி உண்பவர் வாழும் இடங்கள் இவை.

ஜப்பானியக் கடற்படையின் ‘ரியூஜோ’ என்னும் கப்பல் 1882-83இல் நெடும்பயணம் சென்றது. அதிலிருந்த 376 பேரில் 169 பேருக்கு இந்நோய் கண்டது. 25 பேர் இறந்தனர். கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோ உணவே காரணம் என்று ஐயுற்றார். 1884இல் ‘சுகுபா’ என்னும் கப்பலை ஏறத்தாழ அதே வழியில் அனுப்பி, வெள்ளை அரிசியைக் குறைத்து இறைச்சியும் பாலும் கோதுமையும் சேர்க்கச் செய்தார். இம்முறை நோயுற்றவர் இருபது பேருக்கும் குறைவு, இறந்தவர் எவருமிலர். புரதக் குறைவே நோய்க்குக் காரணம் என்று தகாகி எண்ணினார். அவ்விளக்கம் பிழை, ஆனால் அவர் கண்ட மருந்து பலித்தது.

பத்தாவியாவில் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் அய்க்மன், தம் ஆய்வுக்கூடக் கோழிகள் கால் தள்ளாடி விழுவதைக் கண்டார். சில மாதங்களில் அவை தாமே தேறின. விசாரித்தபோது, இடைக்காலத்தில் படை மருத்துவமனைச் சமையற்கட்டில் மிஞ்சிய வெள்ளைச் சோறு கோழிகளுக்கு இடப்பட்டதும், புதிதாக வந்த சமையற்காரர் படையினரின் அரிசியை வெளிக்கோழிகளுக்குத் தர மறுத்ததும் தெரியவந்தன. அதன் தொடர்ச்சியாக மருத்துவர் ஃபோர்டர்மன் சாவகத் தீவின் நூற்றுக்கு மேற்பட்ட சிறைகளை ஆராய்ந்து 1897இல் முடிவுகளை வெளியிட்டார். வெள்ளை அரிசி உண்ட கைதிகளில் 39 பேருக்கு ஒருவர் நோயுற்றனர். தவிடு நீக்காத அரிசி உண்டவர்களில் 10,000 பேருக்கு ஒருவரே நோயுற்றார். வெள்ளை அரிசியில் நஞ்சு உள்ளது என்று அய்க்மன் முதலில் கருதினார். நோய்க்குக் காரணம் அரிசியில் இருக்கும் ஒன்று அன்று, அரிசியிலிருந்து நீங்கிய ஒன்று என்பதை 1901இல் எடுத்துக்காட்டியவர், அவருக்குப் பின் அங்குப் பணியாற்றிய கெரிட் கிரைன்ஸ்.

கோலாலம்பூரில் இரு கட்டடங்கள்

மலாயாவில் இந்நோய்க்கு ஒரு விந்தையான போக்கு இருந்தது. ஒரே ஊரில், ஒரே தட்பவெப்பத்தில் வாழ்ந்தும், ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர் ஆயிரக்கணக்கில் நோயுற்றனர். தோட்டங்களிலும் சாலைகளிலும் உழைத்த தமிழருக்கு நோய் அரிதாகவே வந்தது. தமிழர் சீனரை விட வளமாக வாழ்ந்தவர் அல்லர். மலேரியாவும் சோகையும் வயிற்றுப்போக்கும் அவர்களைத்தான் மிகுதியாகக் கொன்றன. இந்த ஒரு நோய் மட்டும் அவர்கள் குடில்களை விலகிச் சென்றது.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லெனார்ட் பிராடன் இவ்வேறுபாட்டைக் கவனித்தார். சீனர் உண்டது கப்பலில் வந்த தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டதும் கப்பலில் வந்த அரிசிதான். ஆனால் அது புழுங்கல் அரிசி. கிராமத்து மலாய் மக்கள் தாம் விளைத்த நெல்லை அவ்வப்போது குற்றி உண்டனர், அவர்களுக்கும் நோயில்லை. பழகிப் பூஞ்சணம் பிடித்த பச்சரிசியில் நஞ்சு உண்டாகிறது என்று முடிவு செய்த பிராடன், 1907இல் அதை நூலாக வெளியிட்டார். இவருடைய விளக்கமும் பிழையே. கவனிப்பு மட்டும் மெய்.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பணியாற்றிய வில்லியம் ஃபிளெச்சர், பிராடனின் கருத்தை நம்பாதவர். அதைச் சோதித்துப் பார்க்க எண்ணி, 1905 டிசம்பரில் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணிட்டார். ஒற்றை எண் பெற்றோர் ஒரு கட்டடத்திலும், இரட்டை எண் பெற்றோர் எதிர்க் கட்டடத்திலும் தங்கவைக்கப்பட்டனர். ஒரு பகுதியினருக்குச் சயாமியப் பச்சரிசிச் சோறு. மறு பகுதியினருக்கு இந்தியப் புழுங்கல் அரிசிச் சோறு. மற்றைய உணவு இருவர்க்கும் ஒன்றே. நோய் கட்டடத்தைப் பற்றியதா என்று அறிய, இடையில் இரு பகுதியினரையும் இடம் மாற்றினார். ஓராண்டு முடிவில், பச்சரிசி உண்ட 120 பேரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் நோயுற்றிருந்தனர். 18 பேர் இறந்திருந்தனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் நோயுற்றிருந்தவர் இருவரே. அவ்விருவரும் மருத்துவமனைக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். இறந்தவர் இல்லை.

மருத்துவ வரலாற்று நூல்கள் இச்சோதனையை முறையான ஒப்பாய்வுக்கு ஓர் எடுத்துக்காட்டாகப் போற்றுகின்றன. ஆனால் அப்பதினெண்மரும் தம் சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாதவர்கள். எந்தச் சோறு தமக்கு இடப்படுகிறது, ஏன் இடப்படுகிறது என்று அவர்கள் அறிந்திருக்க முடியாது. அறிவு வளர்ந்தது, அதற்கு விலை கொடுத்தவர்கள் அதைக் கேட்டு வாங்கியவர்கள் அல்லர்.

அதன்பின் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஹென்றி ஃபிரேசரும் ஆம்புரோஸ் ஸ்டான்டனும், காட்டுப் பகுதியில் வேலை செய்த சாவகத் தொழிலாளர் ஏறத்தாழ 300 பேரிடையே அதே சோதனையை நடத்தினர். இங்கு நோய் தோன்றியவுடன் அரிசியை மாற்றினர். முடிவு மாறவில்லை. ஆலையில் தீட்டும்போது உதிரும் தவிட்டில்தான் நோயைத் தடுக்கும் பொருள் உள்ளது என்பதை அவர்கள் நிறுவினர். 1910இல் மணிலாவில் கூடிய கீழை நாட்டு வெப்பமண்டல மருத்துவர் மாநாடு, தீட்டிய வெள்ளை அரிசியே முதன்மை உணவாகத் தொடர்வதற்கும் பெரிபெரிக்கும் தொடர்புண்டு என்று ஏற்றுக்கொண்டது. 1912இல் காசிமிர் ஃபங்க் ‘வைட்டமின்’ என்ற சொல்லை ஆக்கினார். தவிட்டிலிருந்து அப்பொருளை 1926இல் பத்தாவியாவில் யான்சென், டோனத் என்னும் இருவர் படிகமாகப் பிரித்தெடுத்தனர். அதற்குத் தயமின் என்று பெயரிட்டு, 1936இல் ஆய்வுக்கூடத்தில் ஆக்கிக் காட்டியவர் இராபர்ட் வில்லியம்ஸ். அவர் பிறந்த ஊர் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் என்பது குறிப்பிடத்தக்கது.

புழுக்கல் செய்த காவல்

நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, வெயிலில் உலர்த்தி, பின் குற்றுவதே புழுங்கல் முறை. அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் நீரில் கரைந்து மணியின் உள்ளே இறங்குகிறது. மாவுப்பொருள் இறுகி மணி கண்ணாடிபோல் கெட்டியாகிறது. உள்ளே இறங்கிய சத்தை அவ்விறுக்கம் பிடித்துக்கொள்கிறது. பின்னர் எந்த ஆலையில் எவ்வளவு தீட்டினாலும் அது முற்றிலும் நீங்குவதில்லை. கெட்டியான மணி மூட்டையில் நொறுங்குவது குறைவு. வண்டு துளைப்பதும் கடினம். கடலைத் தாங்கும் வலிமையும் உண்பவரைக் காக்கும் சத்தும் ஒரே மணியில் சேர்ந்திருந்தன.

இதனைக் கொண்டு, முன்னோர் வைட்டமினை அறிந்தே இம்முறையை வகுத்தனர் என்று கூறுவார் உளர். அது வரலாறு ஆகாது. அவித்த நெல்லின் உமி எளிதில் கழலும். குற்றும்போது குருணை குறையும். மழைக்காலத்தில் அறுத்த ஈரநெல் முளைக்காமல் தப்பும். கஞ்சி வைத்தால் வயிற்றில் நிற்கும். குற்றும் பெண்ணுக்கும் உழைக்கும் ஆணுக்கும் பயன்பட்ட இக்காரணங்களே போதுமானவை. நோய்த்தடுப்பு, அவர்கள் கேளாமலே கிடைத்த நன்மை. அதன் பயன் தெரியாததால்தான் அதன் மதிப்பும் தெரியவில்லை. ஊறல் நாற்றம் உடையது, கூலிக்காரன் உண்பது என்று புழுங்கல் அரிசியைத் தாழ்வாகவும், வெள்ளைப் பச்சரிசியை உயர்வாகவும் கருதும் மனப்போக்கு தமிழரிடையேயும் நெடுங்காலம் இருந்தது.

இங்கு மற்றொன்றையும் நினைத்தல் வேண்டும். பிராடன், ஃபிளெச்சர், ஃபிரேசர், ஸ்டான்டன் ஆகியோர் பெயர்கள் நூல்களில் உள்ளன. அவர்கள் சோதித்த அரிசியை ஆக்கிய கைகளுக்குப் பெயரில்லை. எத்தனை நாழிகை ஊறவேண்டும், எந்தப் பதத்தில் இறக்கவேண்டும், எவ்வளவு வெயில் காயவேண்டும் என்பதை எழுத்தின்றிக் கையாலும் மூக்காலும் அறிந்து வைத்திருந்தவர்கள் பெண்கள்.

கப்பல் வராத ஆண்டுகள்

1942 மார்ச் 8ஆம் நாள் ஜப்பானியப் படை இரங்கூனுக்குள் நுழைந்தது. அன்றோடு பர்மிய அரிசி வங்கக் கடலைக் கடப்பது நின்றது. இலங்கையில் அரிசிப் பங்கீடு வந்தது. கோதுமை மாவும் கிழங்கும் உணவாயின. திருவிதாங்கூர் மரவள்ளியால் பசியாறப் பார்த்தது. வங்காளத்தில் 1943இல் ஏறத்தாழ 30 இலட்சம் பேரைக் கொண்டுபோன பஞ்சத்திற்குப் பர்மிய அரிசியின் இழப்பு ஒரு காரணம். படகுகளைப் பறித்த அரசின் போர்க்கால ஆணையும், கட்டுக்கடங்காத விலையேற்றமும், உதவியில் காட்டிய அசட்டையும் அதைவிடப் பெரிய காரணங்கள்.

மலாயாத் தமிழருக்கு அவ்வாண்டுகள் இரட்டைத் துயரமாயின. இந்தியப் புழுங்கல் அரிசி வருவது நின்றது. சயாம்-பர்மா இரயில்பாதை அமைக்க 1943இல் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கானோர் கொண்டுசெல்லப்பட்டனர். அங்குக் கிடைத்தது அளவிலும் தரத்திலும் குறைந்த வெள்ளை அரிசி. வாந்திபேதியும் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் கொன்றவர்களோடு, பெரிபெரியால் கால் வீங்கி விழுந்தவர்களும் அப்பாதையோரம் கிடந்தனர். ஒரு தலைமுறைக்கு முன் மலாய் மருத்துவமனைகளில் எந்த நோய்க்குத் தமிழர் விலக்காக எழுதப்பட்டார்களோ, அந்நோய் இப்போது அவர்களையும் கண்டது. குருதியிலோ இனத்திலோ எந்தக் காவலும் இருந்ததில்லை. காவல் இருந்தது மூட்டையில்தான் என்பதை அப்பாதை காட்டிற்று.

பெட்டிக்குள் மழை

1956 ஏப்ரல் 26ஆம் நாள், மால்கம் மெக்லீன் என்பவரின் ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பல் 58 இரும்புப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அமெரிக்காவின் நியுவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. கண்டெய்னர் என இன்று எவரும் அறிந்த அப்பெட்டி, மூட்டை சுமந்த தோள்களைத் துறைமுகங்களிலிருந்து மெல்ல மெல்ல அகற்றியது. ஐந்து கிலோ, பத்துக் கிலோப் பைகளில் கட்டிய பொன்னி அரிசியும் இட்லி அரிசியும் அவலும் வற்றலும் இன்று அப்பெட்டிகளில் ஏறி, தமிழர் குடியேறிய நகரங்களின் கடைகளை அடைகின்றன.

மூட்டையின் பழைய பகை மட்டும் மாறவில்லை. பகலில் காய்ந்து இரவில் குளிரும் இரும்புக் கூரையில் ஆவி திரண்டு சொட்டுகிறது. கப்பல் தொழிலில் உள்ளோர் அதைப் பெட்டிக்குள் பெய்யும் மழை என்றே அழைக்கின்றனர். மூங்கில் பாய்க்கு மாறாகக் கெட்டித் தாளை விரிக்கின்றனர். காற்றுக் குழலுக்கு மாறாக ஈரம் உறிஞ்சும் உப்புப் பைகளைத் தொங்கவிடுகின்றனர். ஏற்றுமுன் நன்றாகக் காயவைப்பதே இன்றும் முதற்பாதுகாப்பு.

2023 ஜூலை 20ஆம் நாள் இந்திய அரசு பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. உலக அரிசி வணிகத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கை அந்நாளில் இந்தியாவே அனுப்பி வந்ததால், கடல் கடந்த ஊர்களில் இந்தியர் கடைகளின் முன் மக்கள் வரிசையில் நின்று மூட்டை மூட்டையாக வாங்கினர். அத்தடையில் புழுங்கல் அரிசி அடங்கவில்லை; ஆகஸ்டில் அதன்மேல் நூற்றுக்கு இருபது வரி விதிக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் வெள்ளை அரிசிக்கான தடை நீங்கிற்று. அடுத்த மாதமே புழுங்கல் அரிசி வரியும் நீங்கிற்று. ஓராண்டுக் காலம், வெள்ளை அரிசி கரையில் நிற்கப் புழுங்கல் அரிசி வரி கொடுத்துக் கடல் கடந்தது. அதை உண்டவர்களுள் எத்தனை பேர் கோலாலம்பூரின் இரு கட்டடங்களை அறிந்திருப்பர் என்பது ஐயமே.

பெயர்ந்து சென்றவர்களைப் பற்றித் தமிழில் பாட்டும் கதையும் நிறைய உள்ளன. விட்டுவந்த ஊரும், ஏறிய கப்பலும், அடைந்த காடும் அவற்றில் இடம்பெற்றன. பின்னால் வந்த கப்பலில் என்ன மூட்டை வந்தது, அதில் இருந்த அரிசி எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதும் அவர்கள் வாழ்வின் பகுதியே. நெல் அவித்த அண்டாக்களின் கதையை அறிந்த மூதாட்டியர் இன்னும் சிலர் ஊர்களில் இருக்கின்றனர். அவர்கள் சொல்லும் பதமும் பக்குவமும் ஏட்டில் ஏறுவது, இலக்கிய அன்பர்கள் செய்யத்தக்க பணிகளுள் ஒன்றாகும்.